முப்பத்தொன்றாம் நம்பர் சீல்

“யாரைக் கேட்டு அக்கா இந்த ஃப்யூஸ் கட்டையைக் கழட்டினீங்க?”

கேட்டவர் மின்சார ஆபீஸிலிருந்து வந்திருந்த புது லைன்மேன். வாசல் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியின் கண்ணாடி மூடி திறந்து தொங்கியது. உள்ளே மெயின் ஃப்யூஸ் கட்டை கழன்று அடியில் கிடந்தது. மூடியில் ஆபீஸ் வைக்கும் ஈய சீல் இல்லை. வெட்டுப்பட்ட கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுத் தையல்காரம்மாவின் கண் தெருமுனையில் இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் அங்கே முதலில் ஒரு ஏணியின் நுனி தெரியும், அப்புறம்தான் பழைய லைன்மேன் தெரிவார். கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிற பெட்டிக்கு எதற்கு ஏணி என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

“உங்களைத்தான்கா கேக்கறேன்.”

“அவர் வரலியா தம்பி?”

“ஏணி அண்ணனா? நாளைக்கு ரிட்டயர் ஆகறாரு. இன்னைக்கு சாமானெல்லாம் ஒப்படைக்கணும். இந்த வீட்டுக்கு நான்தான் போவேன்னு காலைல ஒத்தைக் கால்ல நின்னாரு. அதிகாரி விடல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அடுத்த வாரம் ஊர்ல அவரோட அண்ணன் பையன் வீட்டோட போயிடுவாரு. தனிக்கட்டை. இங்க அவருக்கு யாரு இருக்கா?”

 அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வருடத்தில் எட்டு முறை கரண்ட் போனது. ஐந்து நிமிட வேலைக்கு அந்த மனிதர் ஒரு மணி நேரம் இருப்பார். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போகும்வரை டீயைக் கையிலேயே வைத்திருப்பார். “பட்டனுக்குக் காஜா எடுக்கறதுல இவ்வளவு வேலையா?” என்று எட்டு முறையும் அதே கேள்வியைக் கேட்பார். எட்டு முறையும் அவள் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வாள். வேறொன்றும் பேசியதில்லை. கணவர் போய்ப் பதினோரு வருடம். அந்த வீட்டில் இரண்டாவது டம்ளருக்கு வேலை வந்தது அந்த எட்டு நாள்தான். வராதா என்று அவள் ஏங்கியது அந்த நாட்களுக்குத்தான்.

“எட்டு தடவையும் ‘கட்டை லூஸ்’னு எழுதி வச்சிருக்காரு அண்ணன்,” என்றார் புதியவர். “எட்டு தடவையா ஒரு கட்டை லூஸாகும்? அவரு வெள்ளந்தி, நம்பிட்டாரு. இப்பதான் எனக்குப் புரியுது.”

அவள் முந்தானை முடிச்சை இறுக்கினாள்.

“மெயின் சுவிட்சை அணைச்சுட்டா பயமில்லன்னு நினைச்சீங்களா? கம்பத்துலேருந்து இந்தப் பெட்டிக்கு வர்ற வயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும். கை பட்டா ஆள் காலி. உள்ள ஃபேனு, லைட்டு ஓடும்போது கட்டையை உருவினா மூஞ்சில நெருப்பு அடிக்கும். வீடு உங்களோடதா இருக்கலாம். இந்தக் கட்டை ஆபீஸோடது. சீலை உடைக்கறது குத்தம்கா. எங்க ஆளே காரணமில்லாம கழட்டினா வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியாது தம்பி.” அவள் குரல் சட்டென்று கெட்டிப்பட்டது. “நான்தான் கழட்டினேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். “எழுதிக் குடுத்தா அபராதம் வரும்கா.”

“வரட்டும்.”

காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் கட்டையைச் சொருகி, மூடியைச் சாத்தி, கம்பியில் கோத்த ஈயத்தை இடுக்கியால் அழுத்தினார். அதில் 58 என்று பதிந்தது.

“இது என் நம்பர். யாரு சீல் வச்சாலும் அவங்க நம்பர் விழும். இந்த இடுக்கி எங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். பழைய சீல் எங்க?”

“குப்பையில போட்டுட்டேன்.”

உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அவர் பைக்கில் ஏறினார்.

“தம்பி, அவரைப் பார்த்தா ஒண்ணு சொல்லுங்க. ஃப்யூஸைக் கழட்டறது ஆபத்தாம், குத்தமாம்னு. இந்த வீட்டுல டீ குடிக்கக் கரண்ட் போக வேண்டியதில்லன்னும் சொல்லுங்க.”

“அவருக்கேவா பாடம்? முப்பது வருஷ சர்வீஸ் அக்கா அவருக்கு.” சிரித்துக்கொண்டே போனார்.

அவள் உள்ளே வந்து பொத்தான் டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் ஏணிக்காரர் வெட்டிப் போட்டுவிட்டுப் போன எட்டுப் பழைய சீல்கள் அதில் இருந்தன. முந்தானையில் முடிந்திருந்த ஒன்பதாவதை எடுத்து அவற்றோடு போட்டாள். எல்லாவற்றிலும் ஏணிக்காரருடைய நம்பர் 31தான்.

அந்தக் கட்டையை அவள் தன் வாழ்நாளில் தொட்டதில்லை. காலையில் கரண்ட் போனதும் வந்து பார்த்தபோது அது கண்ணாடிக்குள்ளே கழன்று கிடந்தது. மூடியிலோ அந்த 31ஆம் நம்பர் சீல் புத்தம் புதிதாக, அறுபடாமல் இருந்தது. “இன்னைக்கு வேற ஆள் வர்றாரு” என்று ஆபீஸில் போனில் சொன்ன பிறகுதான் அவள் துணிக் கத்தரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.