நனைந்த கவசம்

குண்டு துளைக்காத கவசச் சட்டைகளைக் காலையில் எடுத்துக் கொடுப்பதும், மாலையில் வாங்கி உள்பக்கம் காற்றுப்படும்படி விரித்து மாட்டுவதும்தான் ஏட்டையாவின் வேலை.

சுடப்பட்டு இறந்த காவலரின் கவசம் மட்டும் அதன் ஆணியிலேயே தொங்கியது. அன்றைக்கும் அவர் அதைப் போடவில்லை. “இந்த வெக்கையில எவன்ணே இந்த மூட்டையச் சுமப்பான்?” என்று சிரித்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, அறையைப் பூட்டப்போன ஏட்டையாவின் கை அந்தக் கவசத்தில் பட்டது. முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. மழையும் இல்லை, கூரையும் ஒழுகவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் காய்ந்திருந்தது. மாலையில் மறுபடி ஈரம். தினமும் இதே கதைதான். பயப்படக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது.

ஒரு சாயங்காலம் காவலரின் மனைவி அவருடைய சாமான்களை வாங்கிப்போக வந்தாள். சீப்பு, செருப்பு, தண்ணீர் பாட்டில். போகிற போக்கில் கவசத்தைத் தொட்டவள், அதை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டாள்.

“அவரு வேர்வைதான்ணே. இதப் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கவே இல்லியே.”

“இப்பப் போடுறாரும்மா” என்றார் ஏட்டையா.

அவள் அழவில்லை. கவசத்தை நன்றாக விரித்து அதே ஆணியில் மாட்டினாள். விசிறியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.

“நல்லாக் காயட்டும்ணே. காலைல டூட்டிக்குப் போட்டுக்கணும்ல.”