பத்தாவது வரி

படிக்கிறவரின் கண் எங்கெங்கே நின்றதென்று புள்ளி வைத்துக் காட்டும் கருவி அது. சீனத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புதிதாகக் கற்பவர்களின் கண் தட்டுத் தடுமாறித்தான் போகும். தேறத் தேறப் புள்ளிகள் குறையும். கருவியை இயக்குகிறவளுக்குச் சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. புள்ளிகளை எண்ணுவதோடு அவள் வேலை முடிந்தது.

படிக்கக் கொடுத்த பக்கத்தில் ஒன்பது வரிகள். சீனம் கற்றுக்கொண்டு வாராவாரம் சோதனைக்கு வரும் நர்ஸுக்கோ, அதற்கும் கீழே, வெறும் வெள்ளையில் பன்னிரண்டு புள்ளிகள் வரிசையாக விழுந்தன. மறுவாரம் ஏழு. கருவியைக் கழற்றி மாட்டினாள், நாற்காலியை மாற்றினாள். இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் கேட்டேவிட்டாள். "கடைசி வரிக்குக் கீழ என்னம்மா இருக்கு?"

நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க வச்சதுதானேக்கா. இன்னைக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது. நான் இனிமே வரல." முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கருவிக்காரி தானே தாடையைத் தாங்கியில் வைத்துப் பக்கத்தைப் பார்த்தாள். ஒன்பது வரிதான், கீழே வெள்ளை. அப்பாடா என்றிருந்தது. பிறகு பதிவைத் திறந்தாள். ஒன்பது வரிகளிலும் அவள் புள்ளிகள் சிந்திய கடுகாய்ச் சிதறிக் கிடந்தன. அதற்குக் கீழே நான்கே புள்ளிகள், சீரான இடைவெளியில், தாய்மொழியைப் படிக்கிறவர்களுக்கு விழுவதுபோல.