பிளக் பிடுங்கிய பெட்டி

எண்ணூர் சாலை யார்டில், கதவு திறந்து நிற்கும் குளிரூட்டும் கன்டெய்னரின் வாசலில் உட்கார்ந்து ஷிஜி இன்னொரு ஒயின் பாட்டிலைத் திறக்கிறாள். சூட்டில் கார்க் வெளியே பிதுங்கி நிற்கிறது. எதிரே கிரேனுக்குப் பூசிய சந்தனம் வெயிலில் வெடித்து உதிர்கிறது. கட்டிய வாழைக்கன்று துவண்டு தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு மைக் செட்டும் சீரியல் விளக்கும் போட இந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியவர்கள், பூசணிக்காய் உடைத்த கையோடு விடுமுறைக்குப் போய்விட்டார்கள். கடல் தாண்டி, வெயில் தயங்கித் தயங்கி எட்டிப்பார்க்கும் மலைச்சரிவில் ஆற அமரப் பழுத்த திராட்சை இது. அங்கே நின்று அவள் குடித்த முதல் வாய் நாவற்பழம் போலத் துவர்த்தது, மழை நனைத்த மண்ணாய் மணத்தது, மெல்லிய புளிப்போடு தொண்டையில் இறங்கியது. அந்த ஒரு வாயை நம்பித்தான் வேலையை விட்டாள். சொந்தமாக இறக்குமதி செய்த முதல் சரக்கு இதுதான். இப்போது காகிதக் கோப்பையிலிருந்து வெல்லப்பாகு வாடை வருகிறது. துப்புகிறாள். ஒன்றாவது தப்பியிருக்காதா என்று அடுத்ததை உருவுகிறாள்.

யார்டு எலக்ட்ரீஷியன் பரசுராமன் ஓடிவந்து பிளக்கை மாட்டுகிறார். முகமெல்லாம் வியர்வை. அவள் ஊற்றி வைத்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். “நல்லாத்தாம்மா கீது. நீ சும்மா பேஜாராவுற. தேனாட்டம் இனிக்குது.”

“இனிக்கக் கூடாதுண்ணே,” என்கிறாள் ஷிஜி.

பெட்டி உறுமிக்கொண்டு உயிர்பெறுகிறது. அந்த மலைச்சரிவின் குளிர் அப்படியே அவள் முதுகில் வந்து மோதுகிறது. மடியில் பாட்டில் சுடுகிறது.