ஒரு ஸ்பூன் கஞ்சி

பக்கவாதத்தில் விழுந்த சங்கரபாண்டி, வலது கையால் ஒரு ஸ்பூன் கஞ்சியைத் தானே குடிக்க வேண்டும். நர்ஸ் தாமரைச்செல்வி எழுதிய பராமரிப்புத் திட்டத்தில் அதற்கு இன்றே கடைசி நாள். தவறினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். பிறகு ஆயுசு முழுக்க யாராவது ஊட்டிவிடத்தான் வேண்டும்.

ஸ்பூன் எழும்பியது! நடுங்கியது. மனைவி குருவம்மாள் பாய்ந்தாள்.

"தொடாதீங்கக்கா!" என்று தடுத்தாள் தாமரைச்செல்வி.

"ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? பசியில துடிக்காரு!"

"அவரால முடியும். கெடுத்துராதீங்க."

தாமரைச்செல்வி தன் கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். ஸ்பூன் மார்பைத் தாண்டியது. தாடையைத் தாண்டியது. உதட்டருகே வந்து நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, அழுதுகொண்டிருந்த குருவம்மாளை நோக்கி நகர்ந்தது.

திட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

"வாயத் தெறங்கக்கா, சீக்கிரம்!" என்று கத்தினாள் தாமரைச்செல்வி.