புழுதியில் விதைத்தவள்

இரண்டு வருடமாக மழை பொய்த்துவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு மூட்டை விதைநெல்தான். அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சினால் கிறிஸ்துமஸ் வரை ஓட்டிவிடலாம் என்று ஞானமுத்து நினைத்திருந்தான். அவன் மனைவி எப்சிபாவோ காலை ஜெபம் முடிந்ததும் மூட்டையைத் தலையிலும் மண்வெட்டியைக் கையிலும் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

“மழை வரலைன்னா அத்தனையும் எறும்புக்குத்தான். பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்ப?”

“பூமி இருக்க மட்டும் வெதப்பும் அறுப்பும் ஓயாதுன்னு ஆண்டவரு வாக்குக் குடுத்திருக்காருல்ல. நாம வெதைக்காம இருந்தா அவரு எதை மொளைக்க வைப்பாரு?”

அவள் குரலில் வீம்பு இல்லை. மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். உழுது கிடந்த புழுதியில் கடைசி மணி வரை வீசினாள். இப்படியொரு துணிச்சல் தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவள் வெறும் சாக்கை உதறி மடித்தாள். பிறகு வரப்பில் உடைந்திருந்த இடத்தை மண் வெட்டிப் போட்டு அடைக்கத் தொடங்கினாள்.

“இது எதுக்கு இப்ப?”

“வர்ற தண்ணி வெளிய ஓடிறக் கூடாதுல்ல.”

ஞானமுத்து அண்ணாந்து பார்த்தான். வானம் வெளுத்துக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே குனிந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான்.