விழுந்த முகமூடி

காங்கோ ஆற்றங்கரையில் ஓர் ஊர். அங்கே ஒரு குடிசைச் சுவரில் கொம்பு வைத்த மரமுகமூடி ஒன்று தொங்கியது. அறுவடைத் திருவிழாவுக்கு மட்டும்தான் அது வெளியே வரும்.

“தள்ளிப் படு, நாத்தம் தாங்கல. ஊரே என்னைக் கும்பிடுது, தெரியுமில்ல?” என்று கீழே கிடந்த கருவாட்டுக் கூடையை அது தினமும் விரட்டும்.

“சரிங்கண்ணே,” என்று கூடை நகர்ந்துகொள்ளும்.

திருவிழா வந்தது. விருந்துக்குக் கருவாடு கொண்டுபோன கூடை, காலியாகிக் களத்தோரம் கிடந்தது. முகமூடி அணிந்து ஆடிய இலுங்கா வேர் தடுக்கி விழுந்தான். முகமூடி தெறித்துப் புல்லில் போய் விழுந்தது.

ஆடுகிறவன் முகத்தை யாராவது பார்த்துவிட்டால் அந்த வருஷத் திருவிழா அதோடு முடிந்தது. ஊரே சட்டென்று கண்ணை மூடிக்கொண்டது. சிறுவயதுப் பழக்கத்தில் இலுங்காவும் மூடிக்கொண்டான். தரையைத் துழாவி, கையில் அகப்பட்டதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடி ஆடினான்.

ஊர் கண்ணைத் திறந்தது. கருவாட்டுக் கூடை ஆடிக்கொண்டிருந்தது! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதையும் கும்பிட்டார்கள்.

“அது நான் இல்லைடா!” என்று முகமூடி கத்தியது. யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழியின்றிப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இத்தனை வருஷம் ஆட்டக்காரன் முகத்திலேயே இருந்ததால், அந்த ஆட்டத்தை அது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த திருவிழாவன்று காலையில் முகமூடி கூடையைக் கூப்பிட்டது.

“தம்பி, இந்த வருஷமும் நான் விழப்போறேன். நீ பக்கத்துலயே இரு.”