கடிக்காத சப்பாத்து

கடைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் கஜானி சப்பாத்தின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். நடுப்பகுதி பெடல் மிதிக்க விறைப்பாக நிற்கிறது. முன்பகுதி நடப்பதற்கு வளைந்து கொடுக்கிறது. இனித் தகனினி ரயில் ஸ்டேஷன்வரை சைக்கிள், பிறகு ரயிலில் போய் எல்லர்ஸ்லியில் இறங்கி வேலைக்கு நடை. பக்கத்தில் அக்காவின் கணவன் வசீகரன் கார்ச் சாவியைக் கிலுக்கிக்கொண்டு நிற்கிறான். தினமும் அவளை வேலைக்குக் கூட்டிப்போய், வழியெல்லாம் "போனில ஆர்?" என்று விசாரிக்கிறவன். "கம்பஸில படிச்சு முடிச்ச பிள்ளை சைக்கிளிலயோ? சனம் சிரிக்கும்." "சிரிக்கட்டும் அத்தான். ஆரோட கதைச்சனீ எண்டு சைக்கிள் கேக்காது." சாவிச் சத்தம் நிற்கிறது. அவள் நாடாவை இறுக்கிக் கட்டி நாலு எட்டு நடக்கிறாள்; எங்கும் கடிக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, கழற்றிய பழைய சோடியைப் பெட்டிக்குள் போட்டு அவன் கையில் திணிக்கிறாள். "இதை மட்டும் காரில கொண்டுபோங்கோ."